ஆளை நிறுக்காத தராசு: போதைப்பொருள் சட்டத்தில் முதல்முறைக் குற்றவாளி

1. கேள்வி

குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்று நீதிபதி அறிவித்த பிறகு, தண்டனையைச் சொல்வதற்கு முன் ஒரு சிறு இடைவெளி உண்டு. கூண்டில் நிற்பவரைப் பார்த்து, தண்டனை குறித்து ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி கேட்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 235(2) இதைக் கட்டாயமாக்கியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 258(2) அதைத் தொடர்கிறது. வயதான தாய் இருக்கிறார், பிள்ளைகள் சிறியவர்கள், சம்பாதிக்க வேறு ஆள் இல்லை, இதுதான் முதல் தடவை. பதில்கள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான் அமைகின்றன.

திருட்டு வழக்கிலோ அடிதடி வழக்கிலோ இந்தப் பதிலுக்கு எடை உண்டு. தண்டனையைக் குறைக்கலாம், நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கவும் செய்யலாம். ஆனால் 21 கிலோ கஞ்சாவுடன் பிடிபட்டவர் அதே சொற்களைச் சொல்லும்போது, நீதிபதி அவற்றைப் பதிவு செய்துகொள்வதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. மூட்டையின் எடை 20 கிலோவைத் தாண்டியது உறுதியானவுடனேயே, பத்தாண்டுக் கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் சட்டத்தால் எழுதப்பட்டுவிட்டன. நீதிபதி அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தை நீதிமன்ற வளாகங்களில் எல்லோரும் 'என்டிபிஎஸ்' என்றே சொல்கிறார்கள். அந்தச் சட்டம் முதல்முறைக் குற்றவாளியை எப்படி நடத்துகிறது, அந்த நடத்தை நியாயமானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. போதைப்பொருள் தீங்கற்றது என்ற வாதம் இங்கே இல்லை. ஹெராயினால் அழிந்த குடும்பங்களையும், பள்ளிக்கூட வாசலில் விற்கப்படும் கஞ்சாப் பொட்டலங்களையும் பற்றி வாசகருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீங்கு உண்மையானது என்பதை ஏற்றுக்கொண்டே இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

2. சட்டம் வந்த வழி

1985-க்கு முன் அபின் சட்டங்களும் 1930-ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டமும் நடப்பில் இருந்தன. அவற்றின்படி அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டு. மீண்டும் குற்றம் செய்தவருக்கு நான்காண்டு. பன்னாட்டுக் கடத்தலை எதிர்கொள்ள இது போதாது என்ற காரணத்தோடு புதிய சட்டம் வந்தது. 1985 நவம்பர் 14 அன்று அது நடப்புக்கு வந்தபோது, கஞ்சா போன்ற சில விலக்குகள் தவிர, பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு என்று நிர்ணயித்தது. சொந்தப் பயன்பாட்டுக்கென்று மிகச் சிறு அளவு வைத்திருந்ததாக நிரூபித்தால் மட்டுமே தப்பிக்க வழி இருந்தது. மற்றபடி ஒரு பொட்டலம் ஹெராயின் விற்றவருக்கும் லாரி நிறைய ஏற்றி வந்தவருக்கும் ஒரே பத்தாண்டுதான்.

1989 திருத்தம் பிடியை இன்னும் இறுக்கியது. பிணைக்குத் தடை போடும் பிரிவு 37, தண்டனைக் குறைப்பைத் தடுக்கும் பிரிவு 32ஏ, சில குற்றங்களை இரண்டாம் முறை செய்தால் மரண தண்டனை என்ற பிரிவு 31ஏ ஆகியவை அப்போது வந்தவை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2001 திருத்தம் ஒரு தவறை ஒப்புக்கொண்டது. பெரிய அளவில் கடத்துவோருக்குக் கடுமையும், அடிமைப்பட்டோருக்கும் சிறு குற்றம் செய்தோருக்கும் மென்மையும் வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்காகச் சிறு அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு என்று மூன்று படிகள் அமைக்கப்பட்டன. 2001 அக்டோபரில் வெளியான அறிவிக்கையின்படி ஹெராயினுக்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். கஞ்சாவுக்கு 1 கிலோ, 20 கிலோ. கொக்கெய்னுக்கு 2 கிராம், 100 கிராம். இன்றைய நிலையில் சிறு அளவுக்கு ஓராண்டு வரையும், இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரையும், வணிக அளவுக்குப் பத்திலிருந்து இருபது ஆண்டு வரையும் தண்டனை.

இந்தத் திருத்தம் பெரிய முன்னேற்றம் என்பதே சட்ட அறிஞர்களிடையே பரவலான கருத்து. நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் அது செய்யாமல் விட்ட ஒன்றை யாரும் அழுத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. பொருளை மூன்றாகப் பிரித்தது, ஆட்களைப் பிரிக்கவில்லை. முதலாளி, இடைத்தரகர், பொட்டலம் கட்டுபவர், பேருந்தில் பை தூக்கி வருபவர் எல்லோரும் அந்தப் பையின் எடைக்குத் தக்கபடியே தண்டிக்கப்படுகிறார்கள்.

3. பிரிவு 33: மூடப்பட்ட கதவு

இந்தியக் குற்றவியல் மரபில் முதல்முறைக் குற்றவாளிக்கென்று ஒரு கதவு எப்போதும் திறந்தே இருந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் அதன் முறையான வடிவம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், குற்றத்தின் தன்மையையும் ஆளின் நடத்தையையும் பார்த்து, நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதானால் ஏன் அனுப்புகிறேன் என்று நீதிபதி எழுதியே ஆக வேண்டும்.

என்டிபிஎஸ் சட்டத்தின் பிரிவு 33 இந்தக் கதவை மூடுகிறது. 18 வயதுக்குட்பட்டவர், உரிமம் பெற்றோர் செய்யும் விதிமீறலான பிரிவு 26, உட்கொள்ளும் குற்றமான பிரிவு 27 ஆகிய மூன்று விலக்குகள் மட்டுமே உண்டு. முதல் விலக்கு இன்று ஏறத்தாழ வெற்றுச் சொல். 1985-இல் 16 வயது கடந்த ஆண்பிள்ளை சட்டத்தின் கண்ணில் பெரியவன். அப்போது இந்த விலக்குக்குப் பொருள் இருந்தது. சிறார் நீதிச் சட்டம் 18 வயது வரை எல்லோரையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகு அவர்களுக்குப் பிரிவு 33-இன் கருணை தேவைப்படுவதில்லை. 19 வயது மாணவனுக்கு அது தேவைப்படுகிறது. அவனுக்கு அது இல்லை.

இதன் விளைவை ஓர் ஒப்பீட்டில் பார்க்கலாம். கொல்லும் நோக்கமின்றி, ஆனால் மரணம் நேரலாம் என்ற அறிவோடு ஒருவரைத் தாக்கி, அவர் இறந்துவிட்டால் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 304-இன் இரண்டாம் பகுதிப்படி அதிகபட்சம் பத்தாண்டு. அது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாததால், சட்டப்படி நன்னடத்தைச் சட்டம் அதற்குப் பொருந்தும். நீதிபதிகள் அதை எளிதில் தர மாட்டார்கள் என்பது வேறு; தரலாமா என்று யோசிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஒன்றரைக் கிலோ கஞ்சா வைத்திருந்தவருக்கும் அதிகபட்சம் அதே பத்தாண்டுதான். அவர் விஷயத்தில் யோசிக்கும் உரிமைகூட இல்லை.

முதல்முறைக் குற்றவாளி என்ற சொல் என்டிபிஎஸ் சட்டத்தின் எந்தத் தண்டனைப் பிரிவிலும் இல்லை. இரண்டாம்முறைக் குற்றவாளியை மட்டும் சட்டம் நன்றாக அடையாளம் காண்கிறது. பிரிவு 31 அவருக்கான குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் ஒன்றரை மடங்காக்குகிறது. பிரிவு 31ஏ தூக்கு வரை போகிறது. அது கட்டாயத் தூக்காக இருந்ததை 2011-இல் பாம்பே உயர் நீதிமன்றம் தளர்த்திப் பொருள் கொண்டது, 2014-இல் நாடாளுமன்றமும் திருத்தியது. 2001-இல் சேர்ந்த பிரிவு 32பி, குறைந்தபட்சத்துக்கு மேல் தண்டிக்கும்போது நீதிபதி கருதத்தக்கவற்றை வரிசைப்படுத்துகிறது: ஆயுதம், அரசுப் பதவி, சிறாரைப் பயன்படுத்தியது, கல்வி நிலைய வளாகம், ஒருங்கமைந்த குற்றக் கூட்டத்தோடு தொடர்பு. அத்தனையும் தண்டனையைக் கூட்டுவதற்கான காரணங்கள். குறைப்பதற்கான காரணங்களின் பட்டியல் சட்டத்தில் எங்கும் இல்லை. ஒருவருடைய கடந்தகாலம் அவருக்கு எதிராக இருந்தால் அது சாட்சி சொல்லலாம். சாதகமாக இருந்தால் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். சட்டத்தின் மற்றக் கடுமைகளை விளங்கிக்கொள்ள முடிகிறது. இந்த ஒருதலைப்பட்சத்தை எவ்வளவு யோசித்தும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

தண்டனைக்குப் பின்னும் கதவு திறப்பதில்லை. 2008-இல் அண்ணா நூற்றாண்டையொட்டித் தமிழ்நாட்டில் ஏழாண்டு முடித்த ஆயுள் கைதிகள் பெருமளவில் முன்விடுதலை பெற்றனர். பிரிவு 32ஏ இருப்பதால் என்டிபிஎஸ் கைதிக்கு அத்தகைய சலுகை கிடையாது. 2000-இல் தாது என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் ஒரு பகுதியை மட்டும் செல்லாது என்றது: மேல்முறையீட்டின்போது தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. அரசின் தண்டனைக் குறைப்புக்கான தடை அப்படியே நின்றது. கொலைக்குற்றத்தில் ஆயுள் பெற்றவர் ஏழாண்டில் வீடு திரும்ப, கஞ்சா சுமந்து பத்தாண்டு பெற்றவர் பத்தாண்டையும் கழித்தாக வேண்டும் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது.

4. எடை எதைச் சொல்கிறது?

எடையை அளவுகோலாக்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவது. நீதிபதிக்கு நீதிபதி மாறாதது. பெரிய அளவு பெரிய தீங்கைக் குறிக்கும் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் எடை ஆளின் பொறுப்பைச் சொல்வதில்லை. பல சமயம் பொருளின் தீங்கையும் சரியாகச் சொல்வதில்லை.

மைக்கேல் ராஜ் வழக்கு இதற்கு நல்ல சான்று. பறிமுதலான தூள் நான்கு கிலோவுக்குச் சற்று மேல். ஆய்வகச் சோதனையில் அதில் ஹெராயின் 1.4 முதல் 1.6 விழுக்காடு மட்டுமே இருந்தது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 கிராம். மீதியெல்லாம் கலப்படம். தூய பொருளின் எடையையே கணக்கிட வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்கு வணிக அளவிலிருந்து இடைப்பட்ட அளவுக்கு இறங்கியது, தண்டனையும் குறைந்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு அறிவிக்கையைத் திருத்தி, கலவை முழுவதன் எடையையும் கொள்ள வேண்டும் என்றது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்று, மைக்கேல் ராஜ் தீர்ப்பு சரியான சட்டம் அல்ல என்றது.

நீதிமன்றம் சொன்ன காரணம் அலட்சியப்படுத்தத்தக்கதல்ல. தெருவில் தூய ஹெராயின் விற்கப்படுவதில்லை. கலவையாகவே விற்கப்பட்டு, கலவையாகவே உயிரைக் குடிக்கிறது. தூய எடையை மட்டும் பார்த்தால் தெருவியாபாரிகள் எல்லோரும் சிறு அளவுக்குள் ஒளிந்துகொள்வார்கள். ஆனாலும் விளைவைப் பார்க்க வேண்டும். தூய்மை மிக்க 200 கிராம் ஹெராயினைக் கொண்டுவரும் பெருவியாபாரி இடைப்பட்ட படியில் நிற்கிறார். அதில் சிறு பங்கை மாவோடு கலந்து 300 கிராமாக்கி விற்கும் கடைசிக் கண்ணி வணிக அளவில் விழுகிறார். மேலிருந்து கீழே வர வர பொருள் நீர்த்துப்போகிறது, தண்டனை கெட்டிப்படுகிறது. எல்எஸ்டி விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. அதன் வணிக அளவு 0.1 கிராம். அது ஒரு சிறு தாள் துண்டில் துளியாக ஊற வைக்கப்பட்டு வருவது. தாளின் எடையையும் சேர்க்க வேண்டும் என்று பாம்பே உயர் நீதிமன்றம் 2022-இல் கருதியது. அப்படியானால் தண்டனையின் பெரும்பகுதி தாளுக்காகத்தான் விதிக்கப்படுகிறது.

பிறகு, கோட்டின் பிரச்சினை. 20 கிலோ கஞ்சாவோடு பிடிபட்டவருக்கு நீதிபதி ஓராண்டு தரலாம், மூன்றாண்டு தரலாம், பத்தாண்டும் தரலாம். அதற்கு மேல் அரைக் கிலோ இருந்தால் பத்தாண்டுக்குக் கீழே பேச்சில்லை. சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது பூத்த அல்லது காய்த்த நுனிகள். நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வாரா. மூட்டையைப் பிரித்து நுனி, இலை, விதை, தண்டு என்று தனித்தனியே நிறுத்தார்களா என்ற கேள்வி உயர் நீதிமன்றங்களில் ஓயாமல் எழுவது இதனால்தான். ஒருவரின் வாழ்க்கையில் பத்தாண்டுகள், மகஜர் எழுதிய இடத்தில் தராசு எப்படி இருந்தது என்பதில் தொங்குகின்றன.

5. தீர்ப்புக்கு முந்தைய தண்டனை

நியாயம் பற்றிய பேச்சு விதிக்கப்படும் தண்டனையோடு நின்றுவிடுகிறது. சிறைக்குள் இருப்பவருக்கோ தண்டனை ரிமாண்ட் ஆன நாளிலேயே தொடங்கிவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு.

வணிக அளவு வழக்கில் பிணை வேண்டுமானால், இவர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான அடிப்படை உண்டு என்றும், வெளியே போனால் குற்றம் செய்ய மாட்டார் என்றும் நீதிபதி மனநிறைவு அடைய வேண்டும். வழக்கின் முடிவில் எழ வேண்டிய கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்கும் ஏற்பாடு இது. குற்றப்பத்திரிகைக்கான காலம் சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாள். இங்கே 180 நாள், அதை ஓராண்டு வரை நீட்டிக்கலாம். இதோடு பிரிவு 35-உம் 54-உம் மனநிலையையும் உடைமையையும் பற்றிய அனுமானங்களை எதிரிமேல் ஏற்றுகின்றன. பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்பதை அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

முதல்முறை பிடிபடுபவருக்கு இது கூடுதல் சுமை. பழகிய கடத்தல்காரருக்கு வழக்கறிஞர் தெரியும், ஜாமீன்தாரர் தெரியும், அதிகாரி முன் எதைச் சொல்லக்கூடாது என்பதும் தெரியும். புதியவர் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார். போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதிகாரிகளிடம் பிரிவு 67-இன்படி தந்த வாக்குமூலங்களே பல ஆண்டுகள் குற்றத்தை மெய்ப்பிக்கப் போதுமானவையாக இருந்தன. சென்னையில் தொடங்கிய ஒரு ஹெராயின் வழக்கில்தான், டோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற தீர்ப்பில், 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. அதற்குள் சட்டத்துக்கு வயது முப்பத்தைந்து. அந்த இடைக்காலத்தில் தங்கள் சொந்தக் கையெழுத்தால் உள்ளே போனவர்களுக்குத் தீர்ப்பு திருப்பித் தரக்கூடியது அதிகமில்லை.

நீதிமன்றங்கள் இந்த நெருக்கடியைக் காணாமல் இல்லை. 1994-இலேயே, சட்ட உதவிக் குழு தொடுத்த வழக்கில், பத்தாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய வழக்கில் ஐந்தாண்டு உள்ளே கழித்தவரைப் பிணையில் விட உச்ச நீதிமன்றம் வழி செய்தது. அதற்கான பிணைத்தொகை ஒரு லட்சம் ரூபாய், இரண்டு ஜாமீன்தாரர்கள். 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில், 23 வயதில் கைதாகி ஏழாண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்தவருக்குப் பிணை தந்த நீதிபதிகள் ரவீந்திர பட்டும் தீபங்கர் தத்தாவும், பிரிவு 37-ஐ அப்படியே எழுத்துக்கு எழுத்துப் படித்தால் யாருக்கும் பிணை கிடைக்காது என்று சுட்டினார்கள். ஏழையைச் சிறை எப்படித் தின்கிறது, வேலை போய்க் குடும்பம் எப்படிச் சிதறுகிறது என்பதையும் அத்தீர்ப்பு பேசுகிறது. மனுப் போட்டுப் பார்க்க வாரந்தோறும் புழல் சிறை வாசலில் நிற்கும் பெண்களுக்கு அது புதிய செய்தி அன்று.

தமிழ்நாட்டில் இன்னோர் அடுக்கும் உண்டு. மக்கள் 'குண்டாஸ்' என்று அழைக்கும் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் 'போதைப்பொருள் குற்றவாளி'யையும் உள்ளடக்கியது. வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே, தடுப்புக்காவலில் பன்னிரண்டு மாதம் வரை வைத்திருக்க அது இடம் தருகிறது. அபராதமும் தன் பங்குக்கு ஏழையைத் தனியே பிடிக்கிறது: ஒரு லட்சம் கட்ட முடியாதவர் மாற்றாகக் கூடுதல் சிறை அனுபவிக்க வேண்டும். சாந்திலால் வழக்கில் இப்படி விதிக்கப்பட்ட மூன்றாண்டை உச்ச நீதிமன்றம் 2007-இல் ஆறு மாதமாகக் குறைத்தது.

6. எதிர்வாதம்

கடுமையை ஆதரிப்போரின் வாதம் மூன்று இழைகளால் ஆனது. முதலாவது தீங்கின் அளவு. 2021 ஏப்ரலில் குர்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரு கிலோ ஹெராயின், பதினைந்தாண்டுத் தண்டனை. ஏழை, வெறும் சுமப்பவர், முதல் குற்றம் என்ற வாதங்கள் வைக்கப்பட்டன. கொலையாளி ஓரிருவரைக் கொல்கிறார், போதைப்பொருள் கடத்துபவர் எண்ணற்ற இளைஞர்களின் சாவுக்குக் காரணமாகிறார் என்ற முந்தைய தீர்ப்புகளின் கருத்தை நினைவுபடுத்தி, தண்டனையில் தலையிட நீதிமன்றம் மறுத்தது.

இரண்டாவது இழை, முதல்முறை என்பது முதல்முறை பிடிபட்டது என்றுதான் பொருள் என்பது. மூன்றாவதுதான் மூன்றிலும் வலுவானது: முதல்முறைக் குற்றவாளிக்குச் சலுகை என்று சட்டத்தில் எழுதினால், கடத்தல் முதலாளிகள் வழக்கில்லாத ஆட்களாகத் தேடிப் பிடிப்பார்கள்; கருணையே ஆள்பிடிக்கும் கருவியாகிவிடும்.

இந்த மூன்றாவது வாதத்தை நான் நெடுநாள் மனத்தில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அது இன்றைய நிலையை மறந்துவிடுகிறது என்றே தோன்றுகிறது. ஆந்திர, ஒடிசா மலைப்பகுதிகளிலிருந்து ரயிலில் தெற்கே கஞ்சா கொண்டுவருவதற்கு இன்றும் வழக்கில்லாத ஆட்களே தேவைப்படுகிறார்கள். போலீசின் கண்ணில் பழகாத முகம் என்பதே அவர்களுடைய தகுதி. நாற்பது ஆண்டுகாலக் கடுமை இந்த ஆள்பிடிப்பை நிறுத்தவில்லை. பத்தாண்டுத் தண்டனை என்ற அபாயத்தை முதலாளி சுமப்பதில்லை. சுமப்பவர் பிடிபட்டால் அடுத்த ரயிலுக்கு வேறொருவர் கிடைக்கிறார். அச்சுறுத்தல் வேலை செய்ய வேண்டுமானால், அச்சப்பட வேண்டியவர்மேல் அது விழ வேண்டும். தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடுவோம் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கிறது என்று 1764-இலேயே இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா எழுதினார். அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2014-இல் சிறைப் பெருக்கம் பற்றி வெளியிட்ட விரிவான அறிக்கையும், நீண்ட கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகள் குற்றக் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற வழியல்ல என்ற முடிவுக்கே வந்தது.

இரண்டாவது வாதத்துக்கு விடை சுருக்கமானது. மெய்ப்பிக்கப்படாத பழைய குற்றங்களுக்காக ஒருவரைத் தண்டிக்க எந்தச் சட்டமும் அனுமதிப்பதில்லை. முதல் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த எண்ணற்ற சாவுகளின் பொறுப்பு முழுவதையும் சங்கிலியின் எந்தக் கண்ணி கையில் அகப்பட்டதோ அதன் தலையில் கட்டுவது, பொறுப்பைப் பற்றிய நம் பொதுப் புரிதலுக்கு ஒத்துவரவில்லை. வேறெந்தக் குற்றத்திலும் நாம் அப்படிச் செய்வதில்லை.

7. மற்ற நாடுகள் நடந்த வழி

எடைக்குத் தண்டனை என்ற முறையின் உச்சத்தை அமெரிக்கா கண்டது. 1986 சட்டப்படி 5 கிராம் கிராக் கொக்கெய்னுக்கு ஐந்தாண்டு கட்டாயச் சிறை; தூள் கொக்கெய்னாக இருந்தால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். கிராக் கறுப்பின மக்களின் தெருக்களில் விற்றது. தூள் வெள்ளையர் விருந்துகளில் புழங்கியது. இந்த நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம் 2010-இல்தான் பதினெட்டுக்கு ஒன்று ஆனது. மிச்சிகன் மாநிலத்தில் 650 கிராமுக்கு மேல் கொக்கெய்ன் வைத்திருந்தால் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. முன்குற்றத் தீர்ப்பு ஏதுமில்லாத ஹார்மெலின் என்பவர் 672 கிராமோடு பிடிபட்டு அதைப் பெற்றார். 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அதை ஏற்றது. மறு ஆண்டே மிச்சிகனின் உச்ச நீதிமன்றம், தன் மாநில அரசமைப்பின்படி, வைத்திருந்த குற்றத்துக்குப் பரோலை மறுப்பது கொடுமை என்றது.

நமக்குப் பயன்படக்கூடியது அமெரிக்கா பின்னர் அமைத்த மாற்று வழி. 1994-இல் வந்த 'பாதுகாப்பு வால்வு' எனும் ஏற்பாட்டின்படி, முன்குற்றம் இல்லாத அல்லது மிகக் குறைந்த ஒருவர், வன்முறையோ ஆயுதமோ இன்றி, தலைமைப் பங்கு வகிக்காமல், தனக்குத் தெரிந்ததை அரசுத் தரப்புக்கு உண்மையாகச் சொல்லிவிட்டால், கட்டாயக் குறைந்தபட்சம் அவரைக் கட்டுப்படுத்தாது. 2018-இல் இது மேலும் விரிவாக்கப்பட்டது.

இங்கிலாந்து வேறு திசையில் போனது. அங்கே 2012 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டு நெறி, பொருளின் அளவோடு ஆளின் பங்கையும் மூன்றாகப் பிரிக்கிறது: தலைமைப் பங்கு, முக்கியப் பங்கு, சிறு பங்கு. மிரட்டியோ ஏமாற்றியோ சுமக்க வைக்கப்பட்டவர், தொழிலின் அளவு பற்றி அறியாதவர் சிறு பங்கில் வருகிறார். முதல்தரப் போதைப்பொருள் கடத்தலுக்கு ஏழாண்டுக் கட்டாயக் குறைந்தபட்சம் அங்கும் உண்டு. ஆனால் அது மூன்றாவது தீர்ப்பில்தான் வருகிறது. நம் சட்டம் மூட்டையை எண்ணும் இடத்தில் அவர்கள் ஆளின் கணக்கை எண்ணுகிறார்கள்.

சிங்கப்பூர் இதன் மறுகோடி. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. 42.72 கிராமுக்காக 2009-இல் கைதான மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவர், அறிவுத்திறன் குறைபாடு பற்றிய முறையீடுகள் உலகெங்கும் எழுந்தும், 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டதைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சிங்கப்பூர்கூட 2013 முதல், வெறும் சுமப்பவராக இருந்து விசாரணைக்குக் கணிசமாக உதவியவருக்குத் தூக்குக்குப் பதில் ஆயுளும் பிரம்படியும் தர இடம் வைத்திருக்கிறது. நான் அதை முன்மாதிரியாகச் சொல்லவில்லை. அத்தனை கடுமையான சட்டமும் சுமப்பவர் யார் என்று கேட்டுப்பார்க்கிறது என்பதைச் சொல்கிறேன்.

8. எங்கே தொடங்கலாம்

குறைந்தபட்சத் தண்டனையை அடியோடு நீக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. நீதிபதியின் விருப்புரிமை இந்நாட்டில் சாதி, பணம், மொழி ஆகியவற்றின் வழியாக எப்படி வளையும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. கட்டாயக் குறைந்தபட்சம் ஒரு வகையில் அந்த வளைவுக்கு எதிரான அரண். ஆகவே விருப்புரிமை காரணங்களால் கட்டப்பட்டிருக்க வேண்டும். தண்டனையைக் கூட்டும் காரணங்களுக்குப் பிரிவு 32பி இருப்பதுபோல், குறைக்கும் காரணங்களுக்கும் ஒரு பிரிவு வேண்டும்: முன்தீர்ப்பு இல்லாமை, சங்கிலியில் சிறு பங்கு, ஆயுதமும் சிறாரும் இல்லாமை, மிரட்டலோ ஏமாற்றோ இருந்தது, தெரிந்ததை உண்மையாகச் சொன்னது. அவை மெய்ப்பிக்கப்பட்டால், எழுத்தில் காரணம் கூறி, பத்தாண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அரசுக்கும் உரிமை இருக்கட்டும். முதலாளியைப் பற்றி வாய் திறக்க இன்று சுமப்பவருக்கு ஒரு காரணமும் இல்லை. இது அந்தக் காரணத்தையும் தரும்.

பிரிவு 33-இன் தடை சிறு அளவுக்கும் இடைப்பட்ட அளவுக்கும் நீங்க வேண்டும். இதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. பத்தாண்டு வரை தண்டிக்கத்தக்க மற்றக் குற்றங்களுக்கு உள்ள அதே நிலைதான்.

சிகிச்சையைப் பொறுத்தவரை புதிய சட்டமே வேண்டாம். அடிமைப்பட்டவரைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பப் பிரிவு 39 இருக்கிறது. தானாகச் சிகிச்சைக்கு முன்வருபவர்மேல் வழக்குத் தொடராமலிருக்கப் பிரிவு 64ஏ இருக்கிறது. பஞ்சாபின் சிறப்பு நீதிமன்றங்களில் 2013 முதல் 2015 வரையிலான ஆயிரக்கணக்கான வழக்குகளை ஆராய்ந்து விதி சட்டக் கொள்கை மையம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அக்காலத்தில் அந்நீதிமன்றங்கள் வழியாக அடிமைப்பட்டவர் ஒருவர்கூடச் சிகிச்சைக்கு அனுப்பப்படவில்லை என்று காட்டியது. ஹெராயினால் மிகவும் அடிபட்ட மாநிலத்தில் இதுதான் நிலை. எய்ம்ஸ் மருத்துவமனையும் சமூக நீதி அமைச்சகமும் 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, நாட்டில் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர் ஓராண்டுக்குள் கஞ்சா வகைப் பொருள்களைப் பயன்படுத்தியதாக மதிப்பிட்டது. இவர்களை எல்லாம் சிறை தாங்காது என்பது ஒருபுறம். அகப்படும் சிலர் யார் என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை, ரோந்துப் பணியில் இருக்கும் போலீசாரின் கண் தீர்மானிக்கிறது என்பது மறுபுறம்.

ஒரு மாற்றம் ஏற்கெனவே நிகழ்ந்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 479, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத 'முதல்முறைக் குற்றவாளி'யை அந்தப் பெயராலேயே குறிப்பிட்டு, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்த விசாரணைக் கைதியைப் பிணையில் விடச் சொல்கிறது. இது பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2024 ஆகஸ்ட் 23 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. வணிக அளவு வழக்கில் பிரிவு 37 இதற்குக் குறுக்கே நிற்குமா என்பதில் வாதங்கள் தொடரும். நிற்காது என்றே வைத்துக்கொள்வோம். 21 கிலோ கஞ்சாவோடு முதல்முறை பிடிபட்டவருக்கு அதிகபட்சம் இருபதாண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு ஆறாண்டு எட்டு மாதம். சட்டம் அவரை முதல்முறைக் குற்றவாளி என்று பெயர் சொல்லி அழைக்கும் நாளில், பத்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கை அவர் தீர்ப்பே இல்லாமல் முடித்திருப்பார்.